மொட்டை மாடியில் பேனல் கூடுகிறது

மேலே வாருங்கள், சீக்கிரம்! கடைசி நாலு படிக்குக் கைப்பிடி கிடையாது, பார்த்து ஏறுங்கள். செல்போனைச் சைலன்ட்டில் போட்டுவிடுங்கள். உள்ளே, அதாவது மொட்டை மாடியில், ஒரு பெண்ணுக்கு வியர்த்துக்கொண்டிருக்கிறது. மே மாதம் என்பது மட்டும் காரணமில்லை.

இடம் திருமுல்லைவாயில். சனிக்கிழமை மாலை ஆறரை மணி. தளத்தில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றியும் கால் சுடுகிறது. ஒரு பக்கம் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், எதிரே ஒற்றை நாற்காலி. தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்து வைத்திருக்கும் வெள்ளைப் பலகை, பக்கத்துத் தெருவில் ட்யூஷன் சென்டர் காலி செய்தபோது கிடைத்தது. மார்க்கர் மூன்று, அதில் எழுதுவது ஒன்றுதான். பாயில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் அம்பத்தூர் ஓ.டி., பட்டாபிராம், பூந்தமல்லி என்று பல பக்கத்திலிருந்து வந்தது. ஒரு பையனின் அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். இன்னொரு பெண்ணின் அம்மா பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறார். எல்லோரும் உயிரியல் படித்தவர்கள். எல்லோர் கையிலும் இன்டர்வியூ கடிதம்!

நம் பக்கத்தில் பயாலஜி என்றாலே நீட் என்றுதான் நினைப்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஆவடி செக்போஸ்ட் வரை நீட் கோச்சிங் போர்டுகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நீட்டில் யாரும் உங்களை உட்காரவைத்துப் பேசமாட்டார்கள். வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு வந்தால் முடிந்தது. ஆனால் உயிரியலை ஆராய்ச்சியாகப் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு எழுத்துத் தேர்வு வாசற்படி மட்டும்தான். ஜாம், கேட், நெட், டிசம்பரில் டி.ஐ.எஃப்.ஆர். நடத்தும் தேர்வு என்று எதில் மார்க் எடுத்தாலும், பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி., ஜி.கே.வி.கே. வளாகத்தில் இருக்கும் என்.சி.பி.எஸ். போன்ற இடங்கள் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துப் பேசிப் பார்த்துத்தான் சேர்த்துக்கொள்ளும். ஜெயித்தால் படிக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை, பணம் தருவார்கள். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023லிருந்து மாதம் 37,000 ரூபாய். இதை முதன்முதலில் கேட்கும் அப்பா அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும்!

அந்த அரை மணி நேரப் பேச்சுக்கு நம் கல்லூரிகளில் பெரும்பாலும் பயிற்சியே கிடைப்பதில்லை. அதனால்தான் இந்த மாடி.

பேனலில் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பவர் இந்த வீட்டு அக்கா. பெங்களூரில் பிஎச்.டி. நாலாம் வருஷம், பழ ஈ எப்படி வாசனை பிடிக்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. லீவில் வந்தால் இதுதான் அவருக்குத் திருவிழா. இடது பக்கம் ஆயப்பாக்கத்து அண்ணன், புள்ளியியல் ஆள். வலது பக்கம் ஓய்வுபெற்ற விலங்கியல் சார். சார் எதற்கும் முகம் மாறமாட்டார். நிஜ பேனலில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார் என்பதால் அவருக்கு அந்த வேலையையே கொடுத்திருக்கிறார்கள்.

"உனக்கு எந்த ஏரியா பிடிக்கும்மா?"

இது வலை! அநேகமாக எல்லா பேனலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். எதைச் சொல்கிறோமோ அதிலேயே இறங்கித் தோண்டுவார்கள். பட்டாபிராம் பெண் "ப்ரோட்டீன் ஸ்ட்ரக்சர்" என்றாள்.

"அப்ப ராமச்சந்திரன் ப்ளாட் போடு."

அவள் சட்டென்று போட்டுவிட்டாள். மேலே இடது மூலையில் ஒரு தீவு, அதன் கீழே ஒன்று, வலது பக்கம் சின்னதாக ஒன்று. புத்தகத்தில் இருப்பது அப்படியே பலகைக்கு வந்துவிட்டது. அக்கா விடவில்லை. "மீதி இடமெல்லாம் ஏன் காலியா இருக்கு?"

மௌனம்.

"சரி, எழுந்து நில்லு. ரெண்டு கையையும் நீட்டு. தோள்ல சுத்து, முழங்கையில சுத்து. எல்லாத் திசையிலயும் போகுதா?"

அவள் சுற்றினாள். ஒரு கட்டத்தில் முழங்கை விலாவில் இடித்தது. முகம் மலர்ந்துவிட்டது! "இடிக்குதுக்கா! அணுவும் அணுவும் இடிச்சுக்கற கோணமெல்லாம் காலி!" அவ்வளவுதான், பிறகு மழைதான். கிளைசினுக்குப் பக்கச் சங்கிலி வெறும் ஒரு ஹைட்ரஜன், இடிக்க ஆளில்லை, அதனால் அது மற்றவை போக முடியாத இடத்துக்கெல்லாம் போகும். ப்ரோலினை வளையம் கட்டிப்போட்டிருக்கிறது, அதற்கு நகர இடமே குறைவு என்று அவளே கொட்டினாள். சார் முகம் மாறவில்லை. ஆனால் பேனா மூடியைத் திறந்து ஏதோ எழுதினார்.

இந்தப் படம் எங்கே பிறந்தது என்று அண்ணன் கேட்டார். அமெரிக்கா என்றாள். பாயிலிருந்து "கிண்டி!" என்று இரண்டு குரல்கள். ஆமாம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில்தான்! ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963ல் வெளியிட்டது. அதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 1954ல், ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் மூவிழை அமைப்பைச் சொன்னதும் இதே ஊரிலிருந்துதான். பட்டாபிராமில் மின்சார ரயில் ஏறினால் சாயங்காலத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தராதது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அடுத்து டேங்க் ஃபேக்டரிப் பையன். நடத்தையியல் பிடிக்கும் என்றான். அவன் வாய் மூடுவதற்குள் தென்னை மரத்திலிருந்து குயில் கூவியது. சார் முதன்முறையாகப் பேசினார். "அதைப் பத்தியே சொல்லுப்பா."

குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும், காக்கை தெரியாமல் அடைகாக்கும், குயில் குஞ்சு பொரிந்ததும் காக்கையின் முட்டைகளை முதுகால் தள்ளிக் கீழே போட்டுவிடும் என்று கடகடவென்று சொன்னான்.

"தள்ளறதை நீ பார்த்தியா?"

"புக்ல இருக்கு சார்."

"அது யாரோட குயில்?"

எனக்குப் புல்லரித்தது! முட்டையைத் தள்ளிவிடுவது ஐரோப்பியக் குயில். பாடப்புத்தகப் படத்தில் இருப்பது அதுதான். நம் ஊர்க் குயில் வேறு இனம். காக்கைக் கூட்டில் இதன் குஞ்சும் காக்கைக் குஞ்சும் சேர்ந்து வளர்வது சகஜம். நம் தென்னைமரத்தில் நடப்பது ஒன்று, மனப்பாடமாக இருப்பது வேறொன்று! பையன் அசரவில்லை, அதுதான் அவனுடைய கெட்டிக்காரத்தனம். "அப்ப தப்பா சொல்லிட்டேன் சார், மாத்திக்கறேன்" என்றுவிட்டு யோசிக்க ஆரம்பித்தான். காக்கைக் குஞ்சு பெரியது, தள்ளுவதற்குப் பலம் வேண்டும், அதற்கு ஆகும் செலவு லாபத்தைவிட அதிகமாக இருக்கலாம் என்றான். அக்கா தொடையில் தட்டினார். "இதான்டா! சரியா தப்பா அப்புறம். நீ யோசிக்கறது வெளிய கேக்குது பாரு, அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடறாங்க."

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மாடிக்கு நான் வருகிறேன். பேனலில் இருப்பவர்களுக்கு உங்கள் மார்க் ஏற்கெனவே தெரியும். தெரியாத ஒன்றை முன்னால் வைத்தால் உங்கள் மூளை எந்தப் பக்கம் நடக்கிறது என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். உலகம் முழுக்க இப்படித்தான். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் மாதிரிக்காக வெளியிட்ட உயிரியல் கேள்விகளில் சிங்கத்துக்குப் பிடரிமயிர் ஏன் என்பது ஒன்று. கள்ளிச்செடி ஒன்றைக் காட்டி இதைப் பற்றிச் சொல்லு என்பது இன்னொன்று. அதற்கு விடை எந்த கைடிலும் இல்லை. கள்ளிச்செடி கேட்கிற பேனலுக்குத் தென்னைமரத்துக் குயில் எந்த விதத்திலும் குறைச்சலில்லை. ஏரியும் சமையலறையும் ரயில்வே கேட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் யோசிப்பதற்கான சரக்கு மலைபோலக் கிடக்கிறது. அது சரக்கு என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சமையலறை என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தச் சனிக்கிழமையின் உச்சக்கட்டம் அங்கேதான்.

ஒற்றை நாற்காலியில் இப்போது பூந்தமல்லிப் பெண். நுண்ணுயிரியல். தமிழ் மீடியம். இங்கிலீஷ் வராதே என்பதுதான் அவளுடைய பெரிய பயம். அக்கா முதலில் அதைத் தீர்த்தார். "மெதுவா பேசு. வார்த்தை வரலைன்னா படம் போடு. ஒரு நிமிஷம் யோசிச்சுக்கறேன்னு கேளு, தருவாங்க." பிறகு உள்ளே பார்த்து "அம்மா!" என்று கத்தினார். அம்மா ஒரு தூக்கில் இட்லி மாவு கொண்டுவந்து நாற்காலி முன்னால் வைத்தார். மாவு பொங்கி மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இது ஏன் பொங்குது?"

ஈஸ்ட் என்று சொல்ல வாயெடுத்துத் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டாள். பாக்டீரியா என்றாள். லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்று முழுப்பெயரும் சொன்னாள்! இட்லி மாவைப் பொங்கவைப்பது முக்கியமாக அதுதான் என்று காட்டிய ஆய்வு 1965ல் வெளியானது. அது வெளிவிடும் கரியமில வாயுதான் மாவைத் தூக்குகிறது.

"அந்த பாக்டீரியா எங்கேர்ந்து வந்துச்சு? எங்கம்மா கை ராசின்னு சொல்றாங்க. நிஜமா?"

பாய் முழுக்க ஒரே சலசலப்பு. கை, கிரைண்டர், தண்ணீர், அரிசி, உளுந்து என்று சந்தேகப் பட்டியல் பலகையில் ஏறியது. கை என்பதைச் சோதிப்பது சுலபம். ஒரு பாத்திரத்தைக் கையால் கலக்க வேண்டும், இன்னொன்றைக் கொதிநீரில் போட்டெடுத்த கரண்டியால் கலக்க வேண்டும். அதை அவள் ஊதித் தள்ளிவிட்டாள். உளுந்துக்கு வந்தபோதுதான் சூடு பிடித்தது. "உளுந்தை வறுத்துடலாம்க்கா. கிருமி செத்துடும். அப்புறம் மாவு பொங்கலைன்னா, உளுந்துலேர்ந்துதான் வருதுன்னு அர்த்தம்."

புள்ளியியல் அண்ணன் மெல்லக் கேட்டார். "வறுத்தா கிருமி மட்டுந்தான் மாறுமா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உளுந்தின் பசையும் வேகும். பசை போனால் வாயு நிற்காது, வாயு நிற்காவிட்டால் கிருமி இருந்தும் மாவு பொங்காது. அப்போது மாவு படுத்துக்கிடப்பதற்குக் காரணம் கிருமி இல்லாததா, பசை இல்லாததா? ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷமும் நான் மூச்சு விடவில்லை. கீழே தெருவில் பானிபூரி வண்டியின் மணி மட்டும் கேட்டது.

"பச்சை உளுந்தைக் கழுவின தண்ணில ஒரு கரண்டி எடுத்து, வறுத்த உளுந்து மாவுல ஊத்தணும்! அப்ப பொங்கினா, பசை சரியாத்தான் இருந்திருக்கு, கிருமிதான் இல்லாம இருந்திருக்கு. இன்னொரு பாத்திரத்துல அதே கழுவின தண்ணியைக் கொதிக்கவச்சு ஆறவச்சு ஊத்தணும். அது பொங்கக் கூடாது!"

கைதட்டல்! மாடியே அதிர்ந்தது! சார் முகம் மாறிவிட்டது, சிரித்தேவிட்டார்! எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பது, கொடுத்ததிலும் உயிருள்ளதையும் உயிரற்றதையும் பிரித்துப் பார்ப்பது. ஆராய்ச்சிக்கூடங்கள் வருஷக்கணக்காகச் செய்யும் வேலையின் எலும்புக்கூடு இதுதான். ஒரு தூக்கு மாவை வைத்து, கோடைக்கால மாடியில், தையல் கடைக்காரம்மாவின் மகள் அதைத் தானாகக் கண்டுபிடித்தாள். எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், அந்த மாலை நான் அங்கே இருந்தேன்.

இடைவேளை. அதே மாவில் இட்லி, காரச் சட்னி. இந்தச் சமயத்தில்தான் ஃபைல் பரிசோதனை நடக்கும். மார்க்‌ஷீட் ஒரிஜினல், இரண்டு செட் ஜெராக்ஸ், சாதிச் சான்றிதழ், ப்ராஜெக்ட் ரிப்போர்ட். அக்கா ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எடுத்துக் கண்ணை மூடி ஒரு பக்கத்தைத் திறப்பார். அந்தப் பக்கத்தில் இருக்கும் எந்த வரியையும் அவர்கள் விளக்க வேண்டும். பி.எச். 7.4 என்று எழுதியிருக்கிறாயே, ஏன் 7.4? இந்த இடத்தில் பலருக்கு இட்லி தொண்டையில் நிற்கும். செய்யாததைச் செய்ததாக எழுதியிருந்தால் இன்றைக்கே அடித்துவிடு என்பது அக்காவின் கண்டிப்பு. அதில் அவர் கொஞ்சமும் இளகமாட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணனின் முறை. அவர் மார்க்கரை எடுத்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள், ஏனென்றால் அவர் கேள்விகள் நம் தெருவிலிருந்து வரும்.

1968ல் திருவள்ளூரிலும் சுற்றியிருக்கும் கிராமங்களிலும் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை ஒன்று தொடங்கியது. அன்றைக்கு அது செங்கல்பட்டு மாவட்டம். ஏறத்தாழ 2,60,000 பேர். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. உலகத்தில் நடந்த மிகப்பெரிய பி.சி.ஜி. சோதனை, நம் மின்சார ரயில் போகிற பாதையில்! பிரிட்டனில் அதற்கு முன் நடந்த சோதனையில் பி.சி.ஜி. முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு தந்திருந்தது. இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்பே தெரியவில்லை. 15 வருஷம் தொடர்ந்து பார்த்த பிறகும் அதே விடை.

அண்ணன் பலகையில் அதை ஒரு வரியாக எழுதினார். கீழே இன்னொரு வரி. 1991ல் தொடங்கிய தொழுநோய்த் தடுப்பூசிச் சோதனை, டாக்டர் எம்.டி. குப்தேயின் தலைமையில் ஆவடியிலிருந்த தொழுநோய் ஆய்வுப் பிரிவு நடத்தியது. 1,71,400 பேர், நாலு விதத் தடுப்பூசிகள், ஐந்தாவதாக வெறும் உப்புநீர். அதில் பி.சி.ஜி. மட்டும் போட்டவர்களுக்குத் தொழுநோயிலிருந்து 34.1 சதவீதப் பாதுகாப்பு. கொன்ற தொழுநோய்க் கிருமியையும் சேர்த்துப் போட்டபோது 64 சதவீதம். அந்த ஆவடிப் பிரிவும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனமும் சேர்ந்துதான் 1999ல் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் ஆனது. ஆயப்பாக்கத்தில் இருக்கிறதே, அதுதான். அதைத் தாண்டித்தான் இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் தினமும் பஸ்ஸில் போகிறார்கள்.

"ஒரே ஊசி. ஒரே பக்கத்து ஜனங்க. காசநோய்க்கு வேலை செய்யலை, தொழுநோய்க்குச் செய்யுது. ஏன்?"

அப்பப்பா, அந்த முக்கால் மணி நேரம்! ஆளாளுக்கு எழுந்து நின்று பேசினார்கள். ஊசியே கெட்டுப்போயிருக்கும் என்றது ஒரு குரல். அப்படியானால் தொழுநோய்க்கு மட்டும் எப்படி வேலை செய்தது என்று இன்னொரு குரல் அதை வெட்டியது. மலாவியில் கரோங்கா என்ற இடத்திலும் இதே கதை, பி.சி.ஜி. தொழுநோயைத் தடுத்தது, காசநோயைத் தடுக்கவில்லை என்று அண்ணன் எண்ணெய் ஊற்றினார். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தங்கள் உடம்புக்கு ஏற்கெனவே கொஞ்சம் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தால், ஊசி புதிதாகச் சொல்லித்தர என்ன மிச்சம் என்றாள் பட்டாபிராம் பெண். இது விஞ்ஞானிகள் இன்றும் முன்வைக்கும் விளக்கம்தான். "எப்படி நிரூபிப்பே?" என்றார் அக்கா. மண்ணை அதிகம் தொடாத வயதுக் குழந்தைகளைத் தனியாகப் பார்க்கலாம் என்று ஒரு பதில். ஊசி போடுவதற்கு முன்பே தோல் பரிசோதனையில் கிருமிச் சொந்தங்களைக் கண்டவர்களையும் காணாதவர்களையும் பிரித்து ஒப்பிடலாம் என்று இன்னொன்று. சார் குறுக்கே வந்து ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சலையும் உடம்பெங்கும் பரவும் காசநோயையும் பி.சி.ஜி. தடுக்கிறது, அதனால்தான் பிறந்ததும் போடுகிறோம், யாரும் வீட்டில் போய் அந்த ஊசி வீண் என்று உளறிவைக்காதீர்கள் என்றார்.

முழு விடை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அது ஆராய்ச்சிக் கேள்வியே இல்லை. ஆனால் மணி பத்தாகிவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு நேரமும் இங்கிலீஷுக்குப் பயந்த பெண் அரைத் தமிழிலும் அரை இங்கிலீஷிலும் அண்ணனோடு மல்லுக்கு நின்றாள். அதை அவள் கவனிக்கவேயில்லை. நான் கவனித்தேன்.

அவளுக்கு இன்டர்வியூவுக்குப் போக வியாழக்கிழமை இரவு பஸ், பூந்தமல்லி பைபாஸில் ஏறுகிறாள். மற்றவர்களுக்கு அடுத்த வாரங்கள். அதற்குள் வீட்டுப்பாடம் வேண்டாமா? அக்கா பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினார்: ஏரி.

விடிகாலையில் ஏரி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஏன் விடிகாலையில்? இரவெல்லாம் தண்ணீரில் இருக்கும் எல்லா உயிரும் மூச்சு விட்டு ஆக்சிஜனைத் தீர்த்திருக்கும், வெயில் வந்தால்தான் பாசி புதிதாகச் செய்யும் என்பது வரை எல்லோருக்கும் தெரிந்தது. அக்காவின் கேள்வி அதற்கு அடுத்த படி. ஆகாயத்தாமரை மூடிய பக்கத்திலும் மூடாத பக்கத்திலும் மீன் மேலே வரும் நேரம் ஒன்றாக இருக்குமா? காற்றிலிருந்தே மூச்செடுக்கத் தெரிந்த விராலும் தேளியும் எந்தப் பக்கம் அதிகமாக இருக்கும்? ஊகத்தை முதலில் நோட்டில் எழுதிவிட வேண்டும். பிறகுதான் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு ஊகத்தைத் திருத்தக் கூடாது.

ஞாயிறு காலை ஐந்தரை, அம்பத்தூர் ஏரிக்கரை. ஆளுக்கொரு நோட்டு, இருவருக்கு ஒரு ஸ்டாப்வாட்ச். எந்த ஜோடி எந்தக் கரை என்று சீட்டுப் போட்டு எடுத்தார்கள், ஏனென்றால் பிடித்த கரையை அவரவரே எடுத்துக்கொண்டால் கணக்கு சாயும் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். சார் கிழக்குக் கரை. அவருக்கு ஜோடி இல்லாததால் நான் கையைத் தூக்கினேன், என் பெயரையும் எழுதிக்கொண்டார்கள்!